முன்குழாயில் சந்தனம்

புதுப் பைக்கின் மிதிகளில் சப்பாத்துக் காலோடு ஏறி நின்று, இரண்டு கைகளையும் ஹாண்டிலில் வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னான் சுப்யான். டிலக்ஷன் அப்படியே செய்தான். பின்சில்லை ஒரு பலகைப் பெட்டி தாங்கியிருந்தது. முன்சில்லைச் சுப்யான் தன் முழங்கால்களுக்கிடையே இறுக்கிப் பிடித்திருந்தான்.

"இப்ப விரலை நீட்டும், தம்பி. பிரேக் எங்கை இருக்கெண்டு தேடக்கூடாது. விரல் போய் விழுற இடத்திலைதான் அது இருக்கவேணும்."

விரல்கள் பிரேக் லீவருக்குக் கீழே, வெறும் காற்றில் நீண்டு நின்றன. சுப்யான் சிரித்துக்கொண்டே ஒரு திருகாணியைத் தளர்த்தி லீவரைக் கீழ்நோக்கிச் சாய்த்தான். சாதாரண மோட்டார் சைக்கிளில் ஆள் சீற்றில் இருந்துகொண்டு ஓடுகிறான். அவனுடைய கை மேலிருந்து கொஞ்சமாகத்தான் சரியும். இந்தப் பைக் மணலுக்கும் கல்லுக்கும் செய்தது. மோசமான இடம் வந்ததும் ஓடுகிறவன் எழுந்து நின்றுவிடுவான். நின்றவுடன் முழங்கை உயரும், கை செங்குத்தாக இறங்கும், விரல் போகும் திசையே மாறிவிடும். கடையில் விற்கிறவர்கள் இருக்கிறவனுக்காகப் பூட்டி அனுப்புகிறார்கள், நிற்கிறவனுக்காக நாங்கள்தான் மாற்றவேண்டும் என்று சுப்யான் விளக்கினான்.

அவன் அப்படித்தான். கேட்டால் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். மானிப்பாய் வீதியில் தகரக் கூரை போட்ட அவனுடைய கராஜுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தப் பேச்சுக்குப் பயந்தே சாவியைக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விடுவார்கள். டிலக்ஷன் மட்டும் பக்கத்தில் குந்தியிருந்து கேட்பான். பண்டத்தரிப்பைச் சேர்ந்தவன், இருபத்துநான்கு வயது. கைத்தொலைபேசிக் கோபுரங்களைப் பார்த்துத் திருத்துகிற வேலை. அவனுக்குக் கொடுத்திருந்த கோபுரங்கள் வடமராட்சி கிழக்குக் கரையோரம் இருந்தன. தார் வீதி முடிந்து மணல் பாதை தொடங்குகிற இடத்தில் பழைய பைக் சில்லு புதைந்து நின்றுவிடும். மிச்சத் தூரத்துக்கு, குறடும் திருகாணிச் சாவிகளும் போட்ட ஆயுதப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். வெளிநாட்டு வாகனங்களை இறக்கத் தடை இருந்த வருடங்கள் முழுவதும் கைத்தொலைபேசியில் இந்தப் பைக்கின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், தடை நீங்கி வந்த முதல் தொகுதியிலேயே ஒன்றை எடுத்துவிட்டான். எடுத்த கையோடு நேரே சுப்யானிடம் வந்தான்.

அன்று மத்தியானம் முழுவதும் இருவரும் பைக்கோடு மினைக்கெட்டார்கள். பின்சில்லை அந்தரத்தில் தொங்கவிட்டு, அச்சிலிருந்து மட்கார்ட் வரைக்கும் சுப்யான் நாடாவால் அளந்தான். பிறகு டிலக்ஷனை ஏறி இருக்கச் சொல்லி மறுபடி அளந்தான். பிறகு ஆயுதப் பையையும் தோளில் மாட்டச் செய்து மூன்றாவது தரம் அளந்தான். சுருள்வில் என்பது ஆளின் பாரத்துக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கவேண்டும் என்றான். ஒரேயடியாக விறைத்து நின்றால் குழியில் சில்லு விழும்போது கீழே போய்த் தரையைத் தொட அதற்கு இடமில்லை. ஆளைத் தூக்கி எறியும். அதிகம் இறங்கினால் மேட்டில் அடிவாங்கும். "உம்மடை பாரத்துக்கும் பையின்ரை பாரத்துக்கும்தான் இது நிக்கவேணும். நாளைக்குப் பின்னாலை ஒரு பெட்டையை ஏத்திறதெண்டா முதல் என்னட்டைச் சொல்லும், வில்லை இறுக்கித்தாறன்."

"அப்ப கலியாணத்துக்கு முதல் வீட்டிலை சொல்லுறேல்லை, உங்களுக்குத்தான் சொல்லவேணும், நானா" என்றான் டிலக்ஷன். முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அழைக்கிற அந்தச் சொல்லால்தான் அவன் சுப்யானை அழைப்பான்.

பைக்கைப் பழக்குகிற முறையையும் சுப்யான் சொல்லிக்கொடுத்தான். எஞ்சினுக்குள் பிஸ்டன் ஓடுகிற சுவரில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருக்கும். பிஸ்டன் வளையங்கள் அந்தக் கீறல்களில் உரசி உரசித்தான் சுவரோடு பொருந்தி வரும். ஒரே வேகத்தில் ஓடினால் ஒரே இடத்தில் மட்டும் உரசும். அதனால் கூட்டியும் குறைத்தும் ஓடவேண்டும். சில்லுக் கம்பிகள் முதல் நாட்களில் தத்தம் குழியில் இறங்கி அமரும்; அதனால் தளரும்; அவற்றைத் தட்டிச் சத்தம் கேட்டு இறுக்கவேண்டும். பிரேக்கும் அப்படித்தான். புது பிரேக் பாட், சில்லோடு சுற்றுகிற புதுத் தட்டோடு பழகும்வரை முழுப் பலத்தோடு பிடிக்காது. மெல்ல மெல்லப் பிடித்து விட்டால் நாளடைவில் கூர்மையாகும். முதலில் கொஞ்சம் வழுக்குவதுபோல் இருந்தால் பயப்படவேண்டாம் என்றான்.

இந்தக் கடைசி வார்த்தையைச் சுப்யான் பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தான். அதில் பொய் ஒன்றும் இல்லை. முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கு அது முழு உண்மை.

கடைசியாக முன்குழாய்கள். சாதாரண பைக்கில் மெல்லிய குழாய் மேலே இருக்கும், தடித்தது கீழே. இதில் தலைகீழ். தடித்த குழாய் மேலே ஹாண்டிலோடு பூட்டியிருக்க, மெல்லிய, வெள்ளிபோல் பளபளக்கிற குழாய் கீழே சில்லுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு குழியிலும் மேலே ஏறி இறங்கும். உள்ளே எண்ணெய். அந்த எண்ணெயை வெளியே வராமல் தடுப்பது தடித்த குழாயின் வாயில் இருக்கிற ஒரு ரப்பர் வளையம். அதன் உதடு மெல்லிய குழாயை எந்நேரமும் வழித்துக்கொண்டே இருக்கும். அதைச் சீல் என்பார்கள். பறக்கிற கல் பட்டுக் குழாய் கீறக்கூடாதென்று முன்பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் மறைப்பும் உண்டு. "இந்தப் பைக்கிலை எல்லாத்திலும் பெறுமதி உந்த உதடுதான்" என்றான் சுப்யான். "நகத்தின்ரை தடிப்புக்கூட இல்லை."

அடுத்த நாள் பண்டத்தரிப்புப் பிள்ளையார் கோயிலில் பைக்குக்குப் பூசை நடந்தது. சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, ஹாண்டிலில் மாலை போட்டு, ஐயர் முன்வெளிச்சத்தின் மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தார். அந்தக் கிழமையிலிருந்து டிலக்ஷனின் தாய் பூரணம் ஒவ்வொரு நாளும் காலையில், தன் மகன் குளித்து உடுத்து வருவதற்கிடையில், அதே இடத்தில் திருநீறு பூசிச் சந்தனம் வைத்தாள். சந்தனம் காய்ந்து புது ஸ்ரிக்கரின் நிறத்தை எடுத்துக்கொண்டு வந்தது. டிலக்ஷன் தாயோடு சண்டை பிடித்தான். இதைச் சுப்யானுக்கு அவனே தொலைபேசியில் சொல்லிச் சிரித்தான். இனிமேல் பைக்கின் முகத்தில் ஒன்றும் அப்பக்கூடாது என்று சொல்லிவிட்டானாம், தாயும் ஓமென்று விட்டாளாம்.

முதல் சேர்விசுக்குப் பைக் வந்தபோது டிலக்ஷன் கோபுர வேலையாக யாரோடோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டு வெளியே நின்றான். சுப்யான் பழைய எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தான். அதில் மீன்செதிள் பொடிபோல் உலோகம் மினுங்கியது. வளையங்கள் ஒழுங்காகப் பொருந்தி வருவதன் அடையாளம் அது. சந்தோஷமாக இருந்தது. சில்லுக் கம்பிகளைத் தட்டிக் கேட்டான். முன்சில்லைச் சுற்றிக் கம்பிகளைத் தட்டிக்கொண்டு போனபோதுதான், பிளாஸ்ரிக் மறைப்புக்குப் பின்னால், சில்லைப் பார்த்த உள்பக்கத்தில், இடது பக்கத்து வெள்ளிக்குழாயில் அதைக் கண்டான். திருநீறு மூன்று கோடு. நடுவில் சந்தனப் பொட்டு. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல நாள் வைத்துத் தடித்துப்போயிருந்தது. அதன் மேற்பக்க விளிம்பு வளையத்தின் உதடு வந்து போகிற இடத்தில் நேராக வெட்டுப்பட்டிருந்தது.

பார்த்தவுடன் அவனுக்கு முழுக்கதையும் விளங்கிவிட்டது. முகத்தில் வைக்காதே என்று பிள்ளை ஏசினான். தாய் அவன் கண்ணில் படாத இடத்தைத் தேடிக் குனிந்து வைத்திருக்கிறாள். சில்லுக்குப் பக்கத்தில், வெள்ளிபோல் மின்னுகிற, யாரும் பார்க்காத இடம். ஸ்கூட்டியில் வைத்தாலும் ஓட்டோவில் வைத்தாலும் உழவு இயந்திரத்தில் வைத்தாலும் ஒன்றும் நடக்காது. ஊரில் இதுவரை எந்த வாகனத்திலும் இப்படி ஒரு குழாய் கீழே சில்லடியில் நின்றதில்லை.

ஈரத்தோடு வைக்கிற சந்தனம் காய்ந்தால் பசைபோல் ஒட்டும். கடற்கரை மணல் அதில் வந்து பதியும். அடியில் இருப்பது சாம்பல். பித்தளை விளக்கை மினுக்குவதும் சாம்பலால்தான். சும்மா மணல் என்றால் ரப்பர் உதடு வழித்துத் தள்ளிவிடும். இதை வழிக்கமுடியாது. குழாய் ஏறும்போது உதட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போகும்.

சுப்யான் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அதைத் துடைத்தான். குழாயை விரலால் தடவினான். எண்ணெய் இல்லை, சீல் இன்னும் தாங்கியது. சொல்லவேண்டும் என்று எழுந்தான். வெளியே நின்ற டிலக்ஷனைப் பார்த்தான்.

அப்போது அவனுக்குப் பழைய பூமாலைக் கதை ஞாபகம் வந்தது. முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது, சுப்யான் குழந்தையாய்க் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவன். புத்தளத்தில் முகாமில் வளர்ந்து, அங்கேயே வேலை பழகி, தகப்பன் அபூபக்கரோடும் புது மனைவி ஸக்கியாவோடும் திரும்பி வந்து இந்தக் கராஜைப் போட்டான். வந்த முதல் வருடம் ஒருவருடைய பைக்கில் பூமாலை நூல் முன்சில்லு அச்சில் சுற்றிக் கிடந்தது. வெட்டி எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டான். எண்ணெய்த் துணிகளுக்கு மேலே செவ்வந்திப் பூ கிடந்ததை யாரோ கண்டார்கள். சோனகன் சாமி மாலையைக் குப்பையில் எறிந்தான் என்று கதை போனது. ஒரு மாதமாக அந்த வீதியிலிருந்து ஒருவரும் வரவில்லை. அபூபக்கர்தான் அந்தப் பைக்காரரின் வீட்டுக்குப் போய், வாசல் படலையில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். வந்து மகனிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: வேலையைப் பற்றி மட்டும் வாயைத் திற. அதற்குப் பிறகு கராஜ் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. மகள் அமானி பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள். இப்போது மானிப்பாயிலிருந்தும் பக்கத்துத் திருநெல்வேலியிலிருந்தும் தேடி வருகிறார்கள். இவ்வளவும் அந்த ஒரு சொல்லில் நின்றது.

குழாயில் இருப்பது வேலையா, சாமியா? சுப்யான் அதை யோசித்து முடிப்பதற்குள் டிலக்ஷன் உள்ளே வந்துவிட்டான்.

"முன்குழாய் ரெண்டையும் நாளாந்தம் ஒருக்காத் துடைச்சுவிடும், தம்பி. உள்பக்கத்தையும். மணல் ஒட்டியிருந்தாச் சீலுக்குக் கூடாது" என்றான்.

டிலக்ஷன் ஓம் நானா என்றான். துடைத்தும் இருப்பான், மறைப்புக்கு வெளியே தெரிகிற அளவுக்கு. அடுத்த நாள் காலை பூரணம் மறுபடி குனிந்திருப்பாள்.

சில கிழமைகளுக்குப் பிறகு, வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் பக்கத்துக் கோபுரம் ஒன்றிலிருந்து அவன் திரும்பும்போது, மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று பனங்காட்டுப் பாதையிலிருந்து தார் வீதிக்கு ஏறியது. டிலக்ஷனுக்குப் பின்னால் வந்த கூட்டாளி பிரவீணன் எல்லாவற்றையும் கண்டான். தூரம் இருந்ததாம். நிற்பாட்டக்கூடிய தூரம். பின்சில்லு வழுக்கிக் கோடு கீறியதாம், முன்சில்லு உருண்டுகொண்டே போனதாம். டிப்பரின் பின்பெட்டியோடு மோதிய இடத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்குச் சுப்யான் போனான். பந்தலுக்கு வெளியே, மதிலோரம் நின்றான். பிரவீணன் அழுதுகொண்டே எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தான்: கடைசிக் கிழமை முன்பிரேக் வழுக்குகிறது என்று டிலக்ஷன் சொன்னானாம். கராஜில் காட்டு என்றதற்கு, புதுப் பைக்குக்கு அப்படித்தான் இருக்கும், பழகினால் சரியாகும் என்று மெக்கானிக் சொன்னவர் என்றானாம். சிலர் திரும்பி மதிலோரம் பார்த்தார்கள். சுப்யான் சவம் எடுக்கும்வரை நின்றுவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு கராஜுக்கு ஆட்கள் குறைந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடைவழியே கதை போனது: கம்பனியிலிருந்து வந்த பைக்கைக் கழற்றிப் பூட்டியது யார்? லீவரில் கைவைத்தது யார்?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் காலை ஒரு சின்ன லொறி கராஜ் வாசலில் வந்து நின்றது. பொலிஸ் விட்டுக்கொடுத்த பைக் அதில் படுத்துக் கிடந்தது. பின்னால் ஒரு ஓட்டோ. அதிலிருந்து டிலக்ஷனின் தகப்பன் பஞ்சலிங்கம் இறங்கினார். புகையிலையும் வெங்காயமும் பயிர்செய்கிற மனிதர். வெயிலில் கறுத்த, கதை குறைந்த ஆள். ஓட்டோவுக்குள் பூரணம் தலையைத் தொங்கவிட்டபடி இருந்தாள்; இறங்கவில்லை.

"ஆர் என்ன சொன்னாலும் நான் ஒண்டும் கதைக்கேல்லை" என்றார் பஞ்சலிங்கம். "எனக்கு முன்னாலை கழட்டும். எனக்குக் காட்டும்."

சுப்யான் கழற்றினான். கை தானாகவே வழக்கப்படி போனது; வாயும் தானாகவே விளக்கியது. முதலில் பிரேக்கைக் கழற்றிப் பாட் இரண்டையும் எடுத்து அவர் கையில் கொடுத்தான். காய்ந்த பாட் சிலேற்றுக்கல்லு மாதிரி மங்கலாக, சொரசொரவென்று இருக்கவேண்டும், ஐயா, அந்தச் சொரசொரப்புத்தான் தட்டைப் பிடித்து நிறுத்துகிறது. இது கறுத்துக் கண்ணாடிபோல் மினுங்குகிறது, பாருங்கள், எண்ணெய் குடித்திருக்கிறது. பிறகு தட்டில் விரலை வைத்து இழுத்துக் காட்டினான். விரல் வழுக்கியது. லீவரில் பிழையில்லை, லீவரிலிருந்து இறங்குகிற மெல்லிய குழாயில் பிரேக் எண்ணெயும் குறையவில்லை. அவன் பிடித்தபோது பிரேக் முழுப் பலத்தோடு தட்டை நசித்திருக்கிறது. எண்ணெய் பூசிய தட்டை நசித்து என்ன செய்ய. அப்படியென்றால் அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது? மேலேயிருந்து. பிளாஸ்ரிக் மறைப்பைக் கழற்றினான். இடது குழாய் கீழ்வரை ஈரமாயிருந்தது. ஒழுகிய எண்ணெய் அச்சடியில் தேங்கி அங்கிருந்து பிரேக்குக்குள் இறங்கியிருந்தது. இது ஒரு நாளில் நடக்காது. முதலில் உதடு கீறியிருக்கும், பிறகு கசிந்திருக்கும். பிரேக் ஒவ்வொரு நாளும் ஒரு சொட்டுக் கூடுதலாக வழுக்கியிருக்கும். புது பிரேக் என்று நினைத்து அவன் பொறுத்திருப்பான்.

தட்டை முனைத் திருகாணிச் சாவியால் குழாய்வாய்ச் சீலை நெம்பி வெளியே எடுத்தான். உதடு இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. அறுந்த இடத்தில் மஞ்சளும் சாம்பலும் கலந்த களி, மணல்மணியோடு, கட்டியாக அடைந்து கிடந்தது.

சுப்யான் சீலை அப்படியே அவரிடம் நீட்டினான்.

பஞ்சலிங்கம் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நகத்தால் கிள்ளினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"உது மண்ணில்லை" என்றார்.

"மண்ணும் இருக்கு, ஐயா."

"நான் மண்ணைக் கேக்கேல்லை." வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீர் உதை முந்திக் கண்டனீரோ?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் சுப்யானுடைய பெயர் அன்றைக்கே துலங்கியிருக்கும். சாட்சிக்குத் தகப்பனே கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"கண்டனான். சேர்விசுக்கு வந்த அண்டைக்கு. துடைச்சுவிட்டனான்."

"அவனுக்குச் சொன்னனீரோ?"

"குழாயைத் துடைச்சுக்கொள்ளும் எண்டு சொன்னனான். சந்தனமெண்டு சொல்லேல்லை."

"ஏன்?"

சுப்யான் கையிலிருந்த சாவியை மேசையில் வைத்தான். "உங்கடை வீட்டுக்கு வந்து நிண்டு, அம்மா இனிச் சாமிக்குரியதை இதிலை வைக்காதேங்கோ எண்டு நான் சொல்லியிருந்தா, நீங்கள் என்ன செய்திருப்பியள், ஐயா?"

பஞ்சலிங்கம் உண்மையாகவே யோசித்தார். "படலையிலையே நிப்பாட்டியிருப்பன்" என்றார். பிறகு, "எண்டாலும் நீர் சொல்லியிருக்கவேணும்" என்றார்.

"ஓம்."

வீதியில் காரைநகர் பஸ் சத்தமாகப் போனது. பஞ்சலிங்கம் சீலைத் திருப்பி அவன் கையில் வைத்தார்.

"அவள் சாப்பிடுறேல்லை. பைக்கிலை என்ன பிழை, பைக்கிலை என்ன பிழையெண்டு இதே கேள்விதான். இப்ப இறங்கி வந்து கேப்பாள். உது தெரிஞ்சா நான் நாளைக்கே கிணத்துக்குள்ளைதான் அவளைத் தேடவேணும்." அவர் சுப்யானின் முகத்தைப் பார்க்கவில்லை. "பிரேக் பூட்டினதிலை பிழையெண்டு சொல்லும். பொலிஸுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன். டிப்பர்க்காரன்தான் குற்றமெண்டு எழுதியாச்சு, அது அப்பிடியே கிடக்கட்டும். ஆனா ஊர் கதைக்கிறதை நான் மறிக்கவும் மாட்டன். மறிச்சா அவள் ஏனெண்டு கேப்பாள்."

அவர் கெஞ்சவில்லை, வெருட்டவும் இல்லை. தோட்டத்துக்கு எந்தப் பக்கம் தண்ணீர் மாறவேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னார். சுப்யானுக்குத் தன் தகப்பன் ஒரு படலையில் நின்றது கண்ணுக்குள் வந்தது. அமானியின் முகம் வந்தது. பிறகு, தலைகீழாக நின்ற அந்தக் குழாய்க்கு முன்னால் முழங்கால் மடித்து, முதுகு நோவோடு குனிகிற ஒரு பெண் வந்தாள். அவன் துணியை எடுத்தான். அந்த ரப்பர் வளையத்தை அதில் சுற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். குழாயில் மிச்சமாய் இருந்த மஞ்சளை ஒரு பொட்டில்லாமல் துடைத்தான்.

பூரணம் உள்ளே வந்தபோது அவிழ்ந்து கிடந்த இரும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றும் விளங்காத பார்வை. கணவனைக் கேட்கவில்லை, நேரே சுப்யானைக் கேட்டாள்.

"என்ரை பிள்ளை பிரேக்கைப் பிடிச்சவனோ, தம்பி? கவனமில்லாமல் வந்து இடிச்சவனெண்டு சனம் சொல்லுது."

"பிடிச்சவர், அம்மா. நல்லாப் பிடிச்சவர். பிரேக்தான் நிக்கேல்லை."

"ஏன் நிக்கேல்லை?"

"நான் பூட்டினதிலை பிழை."

அவள் அவனை அடிப்பாள் என்று சுப்யான் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், கணக்கு ஒன்று சரிவந்ததுபோல.

"நாள் தவறாமல் சந்தனம் வைச்சுத்தான் அனுப்பினனான். அவன் ஏசுவானெண்டு ஒளிச்சு வைச்சனான். அப்பிடியிருந்தும் ஏன் போனவன் எண்டுதான் எனக்கு விளங்கேல்லை. இப்ப விளங்குது." கதவடிக்குப் போனவள் திரும்பினாள். "வீட்டிலை சோறு தின்னேக்கையும் உம்மடை கதைதான் கதைப்பான். நானா இப்பிடிச் சொன்னவர், நானா அப்பிடிச் சொன்னவர் எண்டு."

பஞ்சலிங்கம் பைக்கைக் கராஜிலேயே விட்டுவிட்டுப் போனார். பழைய இரும்புக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

பின்னேரம் வீட்டுக்குப் போனதும் சுப்யான் ஸக்கியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். சீல் எப்படி அறுந்தது என்பதையும், எண்ணெய் எந்த வழியாக இறங்கியது என்பதையும்கூடச் சொன்னான். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். அந்தத் தாய்க்கு உண்மை தெரியக்கூடாது என்றுதான் அவளும் நினைத்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோபம் வேறு இடத்தில் இருந்தது.

"உங்கட பிழை சொல்லாம விட்டது. நீங்க ஏத்துக்கிட்டு வந்தது வேற பிழை. நாளைக்கு இஸ்கூல்ல அமானிக்கிட்ட கேப்பாங்க, உங்க வாப்பாவா அவரைச் சாகடிச்சதுன்னு. அவ என்னத்தச் சொல்லோணும்?"

எதையும் விளக்கத் தெரிந்த சுப்யானுக்கு அதை விளக்கத் தெரியவில்லை.

கதை பண்டத்தரிப்பிலிருந்து மானிப்பாய்க்கு வர அதிக நேரம் எடுக்கவில்லை. இந்த முறை அது வெறும் கதை இல்லை. மெக்கானிக்கே தாயின் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டான் என்று வந்தது. வேலைக்கு விட்டிருந்த வாகனங்களை ஆட்கள் எடுக்கத் தொடங்கினார்கள். சிலர் சாட்டுச் சொன்னார்கள், அவசரப் பயணம், கொழும்பிலிருந்து மைத்துனர் வருகிறார் என்று. சிலர் ஒன்றும் சொல்லாமல் சாவியை எடுத்தார்கள். சுப்யான் ஒவ்வொருவருக்கும் எது முடிந்தது, எது முடியவில்லை, எத்தனை மைலில் எண்ணெய் மாற்றவேண்டும் என்று சொல்லி அனுப்பினான். யாரும் நின்று கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து அவன் ஒழுங்கையால் நடந்து வந்துகொண்டிருந்தான். வீதி முகப்புக்கு வந்தபோது, ஆனைக்கோட்டை மரக்கறி வியாபாரி ஒருவர் தன் பைக்கைக் கராஜிலிருந்து உருட்டி எடுத்து உதைத்துக்கொண்டிருந்ததைக் கண்டான். ஆளில்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறார். அந்தப் பைக்கின் செயினைச் சரிப்பண்ணுவதற்காகக் காலையில் பின் அச்சின் நட்டைத் தளர்த்தியிருந்தான் சுப்யான். கையால் திருகி விட்டிருந்தான், அவ்வளவுதான். தொழுகைக்கு நேரமாகிவிட்டதால், வந்து இறுக்கலாம் என்று போயிருந்தான்.

பைக் நகர்ந்தது. செயின் ஒரு பக்கமாக இழுக்கிற சத்தம் அவனுக்கு அங்கிருந்தே கேட்டது.

சுப்யான் தொப்பியோடு, சாறத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். கராஜுக்குள் பாய்ந்து நட்டு இறுக்குகிற சாவியை எடுத்துக்கொண்டு வீதி நடுவே ஓடினான். நட்டு இறுக்கேல்லை, நில்லுங்கோ, நில்லுங்கோ அண்ணை என்று கத்தினான். தேத்தண்ணிக் கடையிலிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். வியாபாரி கண்ணாடியில் அவனைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். சந்தியில் பஸ் ஒன்று ஆளை இறக்கிக்கொண்டு நின்றதால்தான் அவர் நிற்கவேண்டி வந்தது.

சுப்யான் மூச்சு வாங்க வந்து பின்சில்லுக்குப் பக்கத்தில் தாரில் முழங்காலைக் குத்தினான். அச்சைப் பிடித்து நேராக்கினான். செயினை விரலால் தூக்கிப் பார்த்தான். நட்டை இறுக்கினான், எழும்பி முழுப் பாரத்தையும் சாவியில் போட்டு இன்னொரு தரம் இறுக்கினான். சுற்றிவரச் சனம் நின்றது. பஸ் யன்னலிலிருந்தும் பார்த்தார்கள்.

வியாபாரி இறங்கவில்லை. காலை ஊன்றியபடி குனிந்து பார்த்தார்.

"உதையும் இறுக்காமல்தான் விட்டிருக்கிறீர், என்ன?"

செயின் இழுபடுவதற்கு அச்சைத் தளர்த்தியே ஆகவேண்டும் என்பதையும், தளர்த்தாமல் அதை எவராலும் சரிசெய்யமுடியாது என்பதையும் சுப்யான் சொல்ல வாயெடுத்தான். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். அவர்களுக்குள் இரண்டொருவர் டிலக்ஷனின் செத்தவீட்டில் நின்றவர்கள்.

"இப்ப இறுக்கியாச்சு, அண்ணை. போங்கோ. ஒரு மைல் ஓடினாப் பிறகு ஆரிட்டையும் காட்டி இன்னொருக்காப் பாருங்கோ."

பஸ் வெளிக்கிட்டது. வியாபாரி அதன் பின்னால் போனார். செயின் நேராக ஓடியது.